கரைக்கு எழுதிய வானிலை, மலையில் பெய்த மழை

வானிலை முன்னறிவிப்பு என்பது கடலோடிகளுக்காகப் பிறந்தது. 1859 இல் 'ரோயல் சார்ட்டர்' என்னும் கப்பல் வேல்ஸ் கரையோரத்தில் புயலில் சிக்கி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, பிரித்தானியக் கடற்படை அதிகாரியான றொபர்ட் ஃபிட்ஸ்ரோய் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை விடுக்கும் முறையை ஏற்படுத்தினார். 1861 இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் அவரது முன்னறிவிப்பு அச்சேறியது. கரையில் நின்று கடலை நோக்கும் அந்தப் பார்வை அன்று தொட்டு வானிலை அறிக்கையோடு ஒட்டிக்கொண்டது. இலங்கையும் அதற்கு விலக்கல்ல.

செய்தி மேசையில் இருந்த காலத்தில் நான் நாள்தோறும் கையாண்டவற்றுள் வானிலைக் குறிப்பும் ஒன்று. காங்கேசன்துறையிலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரையான கடற்பரப்பின் காற்றின் திசை, வேகம், அலையின் நிலை எல்லாம் அதில் விரிவாக இருக்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் தரைக்கு உரியது பெரும்பாலும் ஒரே வாக்கியந்தான்: மேல், சப்ரகமுவ மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யலாம். கரையோரக் கொழும்பும் களுத்துறையும் ஒரு மூச்சில். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைச் சரிவுகளும் அதே மூச்சில்.

இவ்வாறு சேர்த்துச் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏப்ரல் முற்பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. காற்று ஓய்ந்திருக்கும் அந்நாள்களில் காலை வெயிலில் தரை சூடேற, மேற்குக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே புகுந்து, மலைச்சரிவில் மோதி மேலெழுந்து, பிற்பகலில் இடிமழையாகக் கொட்டுகிறது. கரையின் காற்றுத்தான் மலையின் மழை. அந்த மழை மீண்டும் கரைக்கே போகிறது. சிவனொளிபாதமலைப் பக்கத்தில் ஊற்றெடுக்கும் களுகங்கை இரத்தினபுரியைக் கடந்து களுத்துறையில் கடல் சேர்கிறது. கித்துல்கல, எட்டியாந்தோட்டைப் பக்கமாக வரும் களனி கங்கை கொழும்பின் வடக்கே கடலில் விழுகிறது. ஆகவே கரையோரத்து வெள்ளத்தின் முதல் அத்தியாயம் இந்த மலைகளில் எழுதப்படுகிறது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் இரத்தினபுரிக்கு ஒரு வரி போதுமா என்பதே என் கேள்வி.

இந்த வேறுபாட்டைத் தோட்டத்து மக்கள் எந்த அறிக்கையையும் பாராமலே அறிந்திருந்தார்கள். சப்ரகமுவவில் தேயிலையோடு இறப்பர்த் தோட்டங்களும் மிகுதி. இறப்பர் பால் வெட்டுவது அதிகாலை வேலை. சித்திரை மழை பிற்பகலில் வருவதால் வெட்டு பெரும்பாலும் தப்பிவிடும். தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் விடியலிலேயே மழை. மரப்பட்டை நனைந்து பால் வழிந்தோடிவிடும். வேலை நின்றால் கூலியும் நிற்கும், அல்லது அரைப்பேராகக் குறையும். மழை எந்த நேரத்தில் வருகிறது என்பது அவர்களுக்கு அடுப்பெரிவது பற்றிய செய்தி. சிவனொளிபாதமலை யாத்திரையும் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு நிறைவுறுகிறது. பருவக்காற்று வருமுன் மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே நாட்காட்டியில் ஏறிவிட்ட வானிலை எச்சரிக்கை அல்லவா?

இன்னொரு வரலாற்று உண்மை பலர் கவனத்துக்கு வராதது. இலங்கையின் மழைப் பதிவேடுகளில் பெரும்பகுதி தோட்டங்களில் எழுதப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தோட்டக் காரியாலயங்களின் முன்னே மழைமானி வைத்து, காலைதோறும் அளந்து பேரேட்டில் குறித்து வந்தனர். 1907 இல் கொழும்பில் வானிலை அவதான நிலையம் அமைந்த பின்பும் மலைநாட்டு மழைக் கணக்கின் முதுகெலும்பு தோட்டங்களே. 1948 இல் வளிமண்டலவியல் தனித் திணைக்களமாயிற்று. அதே 1948 இல் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. அவர்கள் உழைத்த மண்ணின் மழை நாட்டின் கணக்கில் சேர்ந்தது; அந்த மழையில் நனைந்தவர்கள் சேரவில்லை.

இப்போது வைகாசிக்கு வருவோம். 2003 மே நடுப்பகுதியில் வங்கக் கடலில் ஒரு புயல் உருவாகி 19 ஆம் திகதி மியன்மாரில் கரையேறியது. இலங்கைக் கரையை அது தொடவில்லை. ஆனால் தொலைவில் சுழன்ற அந்தப் புயல் தென்மேற்கிலிருந்து ஈரக்காற்றை இழுத்து மேற்குச் சரிவுகளில் மோதவிட்டது. மே 17 அன்று இரத்தினபுரியில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நகரம் மூழ்கியது, மலைகள் சரிந்தன, நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அதே மே 17. பின்னர் 'ரோவானு' எனப் பெயர் பெற்று வங்காளதேசத்தில் கரையேறிய தாழமுக்கம் அப்போது இலங்கையை ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தது. கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூறுக்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. அதே மாவட்டத்தில் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின; பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். 2017 மே 25, 26 இல் மீண்டும் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை மாவட்டங்கள். மீண்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர். சில நாட்களில் உருவான 'மோரா' புயல் கரையேறியதும் வங்காளதேசத்தில்தான்.

மூன்று நிகழ்வுகளுக்கும் பொதுவானதைக் கவனியுங்கள். புயல் கிழக்கே, சாவு மேற்கே. கரையில் நிற்பவன் புயல் எங்கே கரையேறும் என்று கேட்கிறான். மலையில் இருப்பவன் கேட்க வேண்டியதோ, அது எந்தக் காற்றை எந்தச் சரிவின் மீது இழுக்கும் என்பது. 'புயலால் இலங்கைக்கு நேரடிப் பாதிப்பு இல்லை' என்ற வாக்கியம் கரைக்கு ஆறுதலாகலாம். சப்ரகமுவவில் அது ஆளைக் கொல்லும்.

முன்னேற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் தனி நிலையம் ஒன்றைத் தந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு எளிய அளவுகோல் வகுத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால், அல்லது ஒரு மணி நேரத்தில் 75 என்றால், வெளியேற வேண்டும். கிராமங்களுக்கு எளிய மழைமானிகளும் வழங்கப்பட்டன. மழைமானி மீண்டும் மக்கள் கைக்கு வந்திருப்பது நல்ல செய்தி.

ஆயினும் 'வெளியேறுக' என்ற சொல் லயன் காம்பிராவை அடையும்போது இரண்டு தடைகள் நிற்கின்றன. முதலாவது மொழி. 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் தமிழர் சிறுபான்மையினராய்ச் சிதறி வாழும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் நள்ளிரவு எச்சரிக்கை தமிழில் சென்று சேர்வதற்கு அரசியலமைப்பு மட்டும் போதாது. இரண்டாவது நிலம். லயனும் தோட்டத்தினுடையது, அது நிற்கும் சரிவும் தோட்டத்தினுடையது. கிராமத்தவருக்கு உறவினர் வீடாவது உண்டு. லயனில் இருப்பவரின் உறவினர் பெரும்பாலும் அடுத்த லயனில், அதே சரிவில். சொந்தக் காணி இல்லாதவனிடம் பாதுகாப்பான இடத்துக்குப் போ என்றால், எங்கே என்று கேட்பான். அக்கேள்விக்கு விடை வளிமண்டலவியல் திணைக்களத்திடம் இல்லை. காணி பற்றி முடிவெடுப்பவர்களிடம் இருக்கிறது.

அடுத்த சித்திரையிலும் அந்த ஒற்றை வரி வரும். அதை எழுதுவோரிடம் என் வேண்டுகோள் இதுதான்: சப்ரகமுவவை மேல் மாகாணத்தின் வாலாக எழுதாதீர்கள். எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எந்தச் சரிவு, எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதுங்கள். தமிழிலும் அதே மணியில் எழுதுங்கள். நூறாண்டுக்கு மேலாக இந்த நாட்டுக்கு மழைக் கணக்குக் கொடுத்த தோட்டங்களுக்கு நாடு திருப்பித் தரவேண்டிய கடன் அது.