இட்லிப் பானையும் புட்டிங் பானையும்

லண்டனின் சவுத்தாலில் பழைய அலுமினியம் இரண்டு வழியாக அடுப்புக்கு வருகிறது. ஊரிலிருந்து பெட்டியில் வந்த இட்லிப் பானை ஒன்று. ஆங்கிலேய வீடுகளில் புழங்கி, பழம்பொருள் கடை வழியே வந்த புட்டிங் பானை மற்றொன்று. இரண்டையும் கவிழ்க்காமல் உள்ளே எட்டிப் பார்த்தால், நீர் நின்ற உயரம்வரை ஒரே கறுப்பு.

பிறப்பில் இவை ஒத்தவை அல்ல. நம் பானையின் மரபு 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் தொடங்கிய அலுமினியப் பாத்திர முயற்சிவரை போகிறது; ஈயம் பூசத் தேவையில்லை என்பது பித்தளையைவிட அதற்கிருந்த வசதி. ஆங்கிலப் பானையின் மரபிலோ ஒரு பெரிய இழப்பு உண்டு. 1940 ஜூலையில் போர் விமானம் செய்ய அலுமினியம் கேட்டது அரசு. இல்லத்தரசிகள் பாத்திரங்களை அள்ளிக் கொடுத்தார்கள். போருக்கு முந்தைய பானை இன்று கைக்குக் கிடைத்தால், அது அந்த வேண்டுகோளுக்குத் தப்பியது.

வேலையில் இரண்டும் நெருங்கிவிடுகின்றன. இரண்டிலும் வேகும் பண்டம் நீரைத் தொடுவதில்லை, வேகவைப்பது ஆவி. இட்லிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும், ஆனால் அடிக்கடி. கிறிஸ்துமஸ் புட்டிங்குக்குப் பல மணி நேரம், ஆனால் ஆண்டுக்கொரு முறை. கறுப்பின் காரணமும் ஒன்றே: லண்டன் குழாய்நீரில் சுண்ணாம்பு மிகுதி. கொதிக்கக் கொதிக்க அந்த நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அது அலுமினியத்தின் மெல்லிய காப்புப்படலத்தைத் தாக்கி, நிறம் மாறிய புதுப் படலத்தை உருவாக்குகிறது.

தடுக்கும் உபாயத்தில்தான் முதல் வியப்பு. நம் வீடுகளில் இட்லிப் பானைத் தண்ணீரில் ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடுவார்கள். ஆங்கில வீடுகளில் புட்டிங் பானைத் தண்ணீரில் எலுமிச்சை வில்லையோ ஒரு கரண்டி வினிகரோ சேர்ப்பார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதாகத் தெரியவில்லை. பானையே இருவருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறது.

போக்கும் உபாயத்தில் உறவு இன்னும் நெருக்கம். நாம் புளி போட்டுத் தேய்க்கிறோம். அவர்கள் கிரீம் ஆஃப் டார்ட்டர் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். முன்னது மரத்துக் காய், பின்னது ஒயின் பீப்பாயில் படியும் உப்பு. ஆனால் இரண்டின் புளிப்பும் டார்டாரிக் அமிலமே. புளிக்குள்ளேயே அந்த உப்பும் ஓரளவு இருக்கிறது. 1848இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி பாஸ்டர் இந்த அமிலத்தின் உப்புப் படிகங்களில் இடக்கை, வலக்கைபோல இரு வடிவங்களைக் கண்டார். திராட்சையும் புளியும் தருவது அவற்றில் ஒரே வடிவம்.

விலக்குகளும் இணையாகவே நிற்கின்றன. அலுமினியத்தில் புளிக்குழம்பு வைக்காதே என்பது நம் வீட்டுப் பேச்சு. புளிப்பான ருபார்ப் தண்டை வேகவைக்காதே என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. உணவுக்கு ஆகாதென்று இரு அடுக்களைகளும் ஒதுக்கிய புளிப்பையே பாத்திரத்துக்கு மருந்தாக்கியிருக்கின்றன. தவறிலும் இணை உண்டு. பித்தளை துலக்கிய பழக்கத்தில் நாம் சாம்பலை எடுக்கிறோம். அவர்கள் சலவைச் சோடாவை எடுக்கிறார்கள். இரண்டும் காரம், இரண்டும் கறுப்பைக் கூட்டும். டிஷ்வாஷர் மாத்திரையும் இந்தக் குற்றப் பட்டியலில்தான்.

ஆற்றலில் புளியும் கிரீம் ஆஃப் டார்ட்டரும் சமமல்ல. கிரீம் ஆஃப் டார்ட்டர் கையெட்டாத மூலைக்கும் போகும்: லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, பத்து நிமிடக் கொதி. புளிக்கு அளவு கிடையாது. ஆனால் அதன் கோது பானையின் வெளிப்புறத்தில் ஒட்டிநின்று தேய்க்க உதவும். கரிந்த எண்ணெய்ப் பிசுக்கை இரண்டுமே அசைக்காது. அரித்து விழுந்த குழிகளை இரண்டுமே நிரப்பாது. அனோடைஸ் செய்த, அதாவது மின்வினையால் மேற்படலம் தடிப்பாக்கிய, பாத்திரத்தில் இரண்டையுமே தவிர்ப்பது நல்லது. அந்தப் படலம் போனால் வீட்டில் மீட்க வழியில்லை.

ஆகவே தீர்ப்பு இது: உள்ளே படிந்த கறுப்புக்கு ஆங்கில முறை, வெளியே மங்கிய பளபளப்புக்கு நம் முறை. எதைச் செய்தாலும் கொதித்த நீரைக் கொட்டிவிட்டு, பானையை நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வையுங்கள். அடுத்த முறை இட்லி ஊற்றுமுன் தண்ணீரில் ஒரு துண்டு புளி போட மறக்காதீர்கள்.