மிதக்கும் ஈரநிலம்

மிதக்கும் ஈரநிலம் என்பது ஏரி, குளம், கால்வாய்களில் மிதவைகள்மேல் செடிகளை வளர்த்து, மாசுபட்ட நீரைத் தூய்மையாக்கும் முறை. செடிகளின் வேர்கள் நேராக நீருக்குள் தொங்குகின்றன. நீர்மட்டத்தோடு மிதவையும் ஏறி இறங்குவதால், கரையோரச் செடிகளைப் போல இவை வெள்ளத்தில் மூழ்குவதில்லை. மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் காணப்படும் ‘பும்டி’ என்னும் தாவரத் திட்டுகள் இயற்கையாகவே மிதப்பவை.

செயல்படும் விதம்

தூய்மைப் பணியில் பெரும்பங்கு வேர்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிரிகளுடையது. சில மாதங்கள் வளர்ந்த கல்வாழையைத் தூக்கிப் பார்த்தால், வேர்க்கற்றை முழுதும் பழுப்புநிற வழவழப்பு படிந்திருக்கும். இந்த உயிர்ப்படலம் கரிமக் கழிவைச் சிதைக்கிறது. ஆக்சிஜன் உள்ள இடத்தில் அம்மோனியா நைட்ரேட்டாகிறது. ஆக்சிஜன் அற்ற இடத்தில் நைட்ரேட், நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. நீரில் மிதந்துவரும் நுண்துகள்கள் வேர்களில் சிக்கி, பின்னர் அடியில் படிகின்றன. செடிகள் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சிக்கொள்கின்றன. மிதவையின் நிழலும் பாசி பெருகுவதைக் குறைக்கிறது.

நெக்னாம்பூர் ஏரி

ஐதராபாத்தின் நெக்னாம்பூர் ஏரியில் துருவன்ஷ் என்னும் தன்னார்வ அமைப்பின் முயற்சியால் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 2, உலக ஈரநில நாளன்று, சுமார் 3,000 சதுர அடிப் பரப்புள்ள மிதவை தொடங்கிவைக்கப்பட்டது. அடியில் மூங்கில், அதன்மேல் தெர்மாகோல், பிறகு சாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே சரளைக்கல் என நான்கு அடுக்குகளாக அது அமைக்கப்பட்டது. வெட்டிவேர், கல்வாழை, சம்பு, துளசி முதலியவை அதில் நடப்பட்டன.

பராமரிப்பும் வரம்பும்

செடிகளை உரிய காலத்தில் அறுத்துக் கரையேற்ற வேண்டும். அப்படியே விட்டால் அவை மடிந்து அழுகி, உறிஞ்சிய சத்துகள் மீண்டும் நீரிலேயே கலந்துவிடும். ஆலைக்கழிவு கலக்கும் நீரில் வளர்ந்த செடிகளில் கன உலோகங்கள் சேர்ந்திருக்கக்கூடும். அவற்றை மாட்டுத் தீவனமாக்கக் கூடாது. நீர்ப்பரப்பு முழுவதையும் மூடினால் நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் பாதிக்கப்படும். நாள்தோறும் சாக்கடை வந்து விழும் ஏரியை மிதவையால் மட்டும் மீட்க முடியாது. கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே ஏரியில் விட வேண்டும். அதன்பின் எஞ்சும் சத்துகளைக் குறைக்கவே மிதக்கும் ஈரநிலம் பெரிதும் உதவும்.