சாப்பிட்டது சிறுகுடலைத் தாண்ட எவ்வளவு நேரமாகும்? உங்க மூச்சே சொல்லும்!

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவரா நீங்கள்? 'ரெண்டு மணிக்குச் சாப்பிட்டது விடியிற வரைக்கும் வயித்துல அப்படியே நிக்குது' என்ற புலம்பல் உங்களுக்குப் புதுசா இருக்காது. நிஜமாவே நிக்குதா, எங்கே நிக்குது? இதை அளக்க வழி இருக்கு.

முதலில் ரூட்டைத் தெரிஞ்சுக்கோங்க. சாப்பாடு இரைப்பையில் சில மணி நேரம் இருக்கும். பிறகு, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல். சத்துகளில் பெரும்பகுதி உறிஞ்சப்படுவது இங்கேதான். இதைக் கடக்க பொதுவாக 2 முதல் 6 மணி நேரம் ஆகும். அடுத்து பெருங்குடல், அங்கே ஒரு நாளுக்கு மேலேகூட ஆகலாம். அதனால், பீட்ரூட் சாப்பிட்டுவிட்டு கலர் எப்போ வெளியே வருதுன்னு பார்க்கும் வீட்டு டெஸ்ட், சிறுகுடலைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஊதினால் தெரியும்!

1975-ல் அமெரிக்காவின் ஜான் பாண்ட், மைக்கேல் லெவிட் இருவரும் மூச்சுக் காற்றை வைத்து இந்த நேரத்தை அளந்து காட்டினார்கள். மலச்சிக்கலுக்குத் தரும் லாக்டுலோஸ் சிரப்பைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. அது பெருங்குடலைத் தொட்டதும், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜனை உருவாக்கும். அது ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வரும். நம் உடல் செல்கள் ஹைட்ரஜனைத் தயாரிக்காது என்பதால், குழப்பம் குறைவு.

சிரப் குடித்த பிறகு 10, 15 நிமிடங்களுக்கு ஒருமுறை கருவியில் ஊத வேண்டும். ஹைட்ரஜன் அளவு ஏறத் தொடங்கும் நேரம்தான் விடை. ஜூஜூவாடி தாண்டினால் வண்டி கர்நாடகாவுக்குள் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லையா... அதே கணக்கு!

எங்கே சறுக்கும்?

லாக்டுலோஸே குடலை வேகப்படுத்தும். சிலருடைய குடலில் ஹைட்ரஜனுக்குப் பதில் மீத்தேன்தான் அதிகம் உருவாகும். சிறுகுடலிலேயே பாக்டீரியா பெருகியிருந்தால், ஹைட்ரஜன் சீக்கிரமே ஏறி, 'வேகமான குடல்' என்று ஏமாற்றும். அதனால் தேவைப்பட்டால், மிகக் குறைந்த அளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, காமா கேமராவில் அது நகர்வதைப் பார்ப்பார்கள்.

டெஸ்ட்டுக்குப் போறீங்களா?

முந்தைய இரவு பருப்பு, பயறு வேண்டாம். பிறகு வெறும் வயிறு. சிகரெட் கூடவே கூடாது. அது ஹைட்ரஜன் அளவை ஏற்றிவிடும். சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நைட் ஷிஃப்ட்டில் இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தூங்கும் நேரத்தில் குடலின் அசைவுகள் மெதுவாகத்தான் நகரும்.

சர்க்கரைநோய், தைராய்டு குறைபாடு குடலை மந்தமாக்கலாம். தைராய்டு அதிகமானால் வேகமாக்கலாம். எடை குறைவது, மலத்தில் ரத்தம், தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, தொடர் வாந்தி... இதில் ஒன்று இருந்தாலும், மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு இன்னொரு ஷிஃப்ட்டை ஓட்டாதீங்க. லீவு போட்டு டாக்டரைப் பாருங்க!