"எண்ணெய்தானே தம்பி": விளக்கெண்ணெயிலிருந்து எஞ்சின் ஆயில் வரை

இன்னைக்கு எபிசோட் ஒரு சிவப்பு விளக்குல ஆரம்பிக்குது.

போன வருஷம் சேலத்துல ஒரு கல்யாணம் முடிச்சிட்டு தருமபுரிக்குத் திரும்பிட்டு இருந்தேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பெட்ரோல் கார். தொப்பூர் கணவாய் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பெங்களூரு–சேலம் ரோட்டுல போனவங்க யாரும் அந்த இறக்கத்தை மறக்க மாட்டாங்க, செய்தியில அடிக்கடி விபத்துன்னு வர்ற இடம். நான் ஏறுற பக்கம். ஒரு வளைவுல, டேஷ்போர்டுல அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு சிவப்புப் படம் மினுக்குனு வந்து அணைஞ்சது. அடுத்த வளைவுல மறுபடியும் வந்தது. நான் என்ன பண்ணேன்? பாட்டு சத்தத்தைக் கூட்டினேன். ஆபீஸ்ல சர்வர் அலர்ட் வந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாக்குற ஆளு நான். கார்ல வந்த அலர்ட்டை 'மேல ஏறினதும் பாத்துக்கலாம்'னு விட்டுட்டேன்.

மேல ஏறினதும் ரோட்டோரமா ஒரு சின்ன ஒர்க் ஷாப். அங்க இருந்த மெக்கானிக் அண்ணன் என் பேரைக் கூடக் கேக்கலை. "எஞ்சினை மொதல்ல ஆஃப் பண்ணுங்க தம்பி"ன்னார். பத்து நிமிஷம் காத்திருந்து, பானெட்டைத் திறந்து, டிப்ஸ்டிக்கை உருவி, துணியால துடைச்சு, திரும்ப உள்ள விட்டு எடுத்தார். நுனியில ஒரு பொட்டு ஈரம், அவ்வளவுதான். கீழ் கோட்டைக்கூடத் தொடலை.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"பார்த்ததே இல்லண்ணா."

நான் மெக்கானிக்கல் படிக்கலைன்னாலும் இன்ஜினியரிங் படிச்சவன். அதை அவர்கிட்ட சொல்லலை.

அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் குறைஞ்சதுக்கானது இல்ல, ஆயில் அழுத்தம் விழுந்ததுக்கானது. அளவு ரொம்பக் கம்மியா இருந்தா, மேட்டுலயும் வளைவுலயும் இருக்கிற கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கமா ஒதுங்கிடும். பம்ப் ஆயிலுக்குப் பதிலா காத்தை உறிஞ்சும். அந்த சில நொடிகள்ல கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்கும் இரும்போட இரும்பா உரசும். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா எஞ்சின் பிடிச்சு, மேட்டுல, பின்னாடி லாரி வரிசையா வர்ற ரோட்டுல நின்னிருப்பேன். ஆக, சிவப்பா அந்தப் படம் வந்தா ஓரமா நிறுத்தி எஞ்சினை அணைக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்.

ஆனா இந்த எபிசோடை நான் எழுதக் காரணம் அது இல்ல. அவர் ஆயில் ஊத்தும்போது அவர் கையைப் பாத்தேன். மணிக்கட்டு வரைக்கும் கருப்பு, விரல் இடுக்குல வெடிப்பு. பக்கத்துல ஒரு தட்டுல பழைய ஆயில். கையில கிளவுஸ் இல்லையான்னு கேட்டேன். அவர் சிரிச்சிட்டுச் சொன்னார்: "எண்ணெய்தானே தம்பி. தோலுக்கு நல்லதுதான்."

வேலையில இவ்வளவு கவனமான ஒருத்தர், தன் கையை மட்டும் ஏன் இப்படி விடுறார்? அலட்சியம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. தேடிப் படிச்சப்போ, 'எண்ணெய்தானே'ங்கிற அந்த வார்த்தைக்குப் பின்னாடி ஒரு நூறு வருஷக் கதை இருக்குன்னு தெரிஞ்சது. அது எங்க மாவட்டத்து மானாவாரிக் காட்டுலயே தொடங்குது.

தருமபுரி, 1965 அக்டோபர் 2 வரைக்கும் சேலம் மாவட்டத்தோட ஒரு பகுதி. இந்தப் பக்கம் நிலக்கடலைக் காட்டுல ஓரப்பயிரா, ஊடுபயிரா ஆமணக்கு நிக்கும். எங்க வீட்டுல அதோட விதைக்குப் பேரு கொட்டமுத்து. இன்னைக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர்லதான் இருக்கு. ஒய்ஆர்சிஎச் 1-ங்கிற ஆமணக்கு வீரிய ரகம் அங்கிருந்து வந்ததுதான்.

எங்க ஆயா முத்தை வறுத்து, இடிச்சு, தண்ணியில கொதிக்க வெச்சு, மேல மிதக்குற எண்ணெயை அகப்பையால வழிச்சு எடுக்கும். அதுதான் விளக்கெண்ணெய். (பச்சை விதையில ரிசின்னு கடுமையான விஷம் இருக்கு. அது எண்ணெய்ல கலக்காது, சூட்டுலயும் சிதைஞ்சிடும். யாரும் விதையை வாயில போட்டுப் பாக்காதீங்க.) அந்த ஒரே எண்ணெய்தான் விளக்குக்கும், குழந்தைக்குப் பேதிக்கும், தலைக்கும், மாட்டுப் புண்ணுக்கும். வண்டிச் சக்கரத்துக்கும் அதுதான்: வைக்கோலைக் கருக்கி அந்தக் கரியை விளக்கெண்ணெய்ல குழைச்சா வண்டி மை. மாட்டு வண்டிக்குக் கீழ அந்த மை இருக்கிற மூங்கில் குழாய் தொங்கும். தாத்தா அச்சுக்கு மை போட்டுட்டு, மிச்சத்தைக் கையிலயே தேய்ச்சுப்பார்னு அம்மா சொல்வாங்க. அதுல தப்பே இல்ல, அது கைக்கு நல்ல எண்ணெய்தான்.

இப்போ கொஞ்சம் ஐரோப்பாவுக்குப் போகலாம், ஏன்னா நம்ம விளக்கெண்ணெய் அங்க போய் எஞ்சின் ஆயில் ஆச்சு. சார்லஸ் வேக்ஃபீல்டுங்கிறவர் 1899-ல லண்டன்ல மசகு எண்ணெய் கம்பெனி தொடங்கினார். கார், விமானம்னு புதுசா வந்த எஞ்சின்களுக்காக 1909-ல ஒரு ஆயில் கொண்டு வந்தாங்க. அதுல ஆமணக்கு எண்ணெய் கலந்திருந்ததால, காஸ்டர்ங்கிற பேர்ல இருந்து அதுக்குக் காஸ்ட்ரால்னு பேர் வெச்சாங்க. இன்னைக்கு எல்லா ஸ்பேர் பார்ட்ஸ் கடை போர்டுலயும் இருக்கிற பேரு. நம்ம ஊர்ல ஒருத்தனை 'விளக்கெண்ணெய்'னு திட்டுறது அவனுக்கு அவமானமே இல்லன்னு எனக்கு அன்னைக்குத் தோணுச்சு.

முதல் உலகப்போர் விமானங்கள் பலதுல ரோட்டரி எஞ்சின். பேர் சொன்னா நோம், லெ ரோன், கிளெர்ஜே. அதுல கிராங்க் ஷாஃப்ட் அசையாது, சிலிண்டர்களோட மொத்த எஞ்சினும் புரொப்பல்லரோட சேர்ந்து சுத்தும். பெட்ரோலும் காத்தும் கிராங்க் கேஸ் வழியாவே உள்ள போகும். சாதா மினரல் ஆயில் ஊத்தினா பெட்ரோல் அதைக் கரைச்சு அடிச்சிட்டுப் போயிடும். விளக்கெண்ணெய் பெட்ரோல்ல சுலபமா கரையாது. அதுல முக்கால்வாசிக்கு மேல இருக்கிற ரிசினோலெயிக் அமிலம் உலோகத்தோட ஒட்டிக்கிற குணம் உள்ளது. சூட்டுலயும் படலம் அறாது. ஒரு பிரச்சனை, அந்த எஞ்சின்ல போன ஆயில் திரும்பி வராது. எரியாம வெளியே தெறிக்கும், விமானி முகத்துல படும், மூச்சோட உள்ள போகும். விளக்கெண்ணெய் வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்னு நம்ம வீட்டுக் குழந்தைகளைக் கேட்டாலே சொல்லும். வானத்துல பறந்த அந்த இளைஞர்களுக்கும் அதே நிலைமைதான்.

அந்த விதைக்கு அன்னைக்கு முக்கியமான மூலம் இந்தியா. எங்க ஊர் கொட்டமுத்துதான் லண்டனுக்குப் போச்சுன்னு பெருமை அடிக்க வரலை. ஆனா மாட்டு வண்டி அச்சும் போர் விமான எஞ்சினும் ஒரே செடியோட எண்ணெய்ல ஓடின ஒரு காலம் இருந்தது.

அது நீடிக்கலை. விளக்கெண்ணெய் சூட்டுல நாளாக ஆகப் பிசின் மாதிரி படியும், எஞ்சினை அடிக்கடி பிரிச்சுக் கழுவணும். கச்சா எண்ணெய்ல இருந்து வந்த மினரல் ஆயில் விலை குறைவு, அதை விதவிதமா மேம்படுத்தவும் முடிஞ்சது. அமெரிக்காவுல எஸ்ஏஇ 1911-லயே ஆயிலோட கெட்டித்தன்மைக்கு எண் போட ஆரம்பிச்சது. டப்பாவுல 5டபிள்யூ-30னு இருக்குல்ல, அதுல டபிள்யூ குளிர்காலத்துக்கு. முதல் எண் குளிர்ல எவ்வளவு சுலபமா ஓடும்னு சொல்லுது, ரெண்டாவது சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு. 1940-கள்ல தேய்மானம் தடுக்கிற துத்தநாகச் சேர்மங்களைக் கலந்தாங்க. தமிழ்நாட்டுல மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-ல ஓட ஆரம்பிச்சப்போ மசகு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயும் அங்கிருந்து வந்தது. பாட்டிலுக்குள்ள இருக்கிறது முழுசா மாறிடுச்சு. நாம அதைக் கூப்பிடுற வார்த்தை மட்டும் மாறலை. எண்ணெய்.

மாறினதோட விலையை முதல்ல கொடுத்தவங்க இங்கிலாந்துல லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளிகள். அங்க நூற்பு இயந்திரத்தோட கதிர்களுக்கு ஒரு காலத்துல விலங்குக் கொழுப்பு எண்ணெய், திமிங்கில எண்ணெய் போட்டாங்க. அப்புறம் மலிவான மினரல் ஆயில் வந்தது. வேகமா சுத்துற கதிர்ல இருந்து அது தெறிச்சு, குனிஞ்சு வேலை செய்றவங்க கால்சட்டையில வருஷக்கணக்கா ஊறுச்சு. 1922-ல மான்செஸ்டர் மருத்துவர்கள் சவுத்தமும் வில்சனும், விதைப்பைத் தோல் புற்றுநோயோட வந்தவங்கள்ல நிறைய பேர் இந்த நூற்பாளர்கள்னு எழுதினாங்க. அதுக்காகத் தனி விதிமுறை வந்தது 1953-ல. நடுவுல 31 வருஷம். இதைப் படிச்சிட்டு லேப்டாப்பை மூடி வெச்சிட்டேன், அன்னைக்கு வேற எதுவும் படிக்க முடியலை.

புது ஆயில் பாட்டிலைப் பாத்து நீங்க பயப்பட வேண்டாம். இன்னைக்கு அடிப்படை எண்ணெயை நல்லா சுத்திகரிச்சுத்தான் தர்றாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1987-ல மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் பிரிவுல வெச்சது, சுத்திகரிக்காத அல்லது அரைகுறையா சுத்திகரிச்ச மினரல் எண்ணெய்களை. சிக்கல் எஞ்சின்ல ஓடி முடிச்ச ஆயில்ல. எரிபொருள் எரியும்போது உண்டாகுற பாலி அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் அதுல சேர்ந்துட்டே போகும். கூடவே தேய்ஞ்ச உலோகத் துகள். ஒரு நாள் கையில பட்டா ஒண்ணும் ஆகாது. முப்பது வருஷம் தினமும் பட்டா? அந்த அண்ணன் கையை நான் நினைச்சுட்டே இருந்ததுக்குக் காரணம் இதுதான்.

அடுத்த லீவுல ஊருக்குப் போனப்போ என் கார் ஆயிலை நானே மாத்தினேன். ஒரு ஆர்வக்கோளாறுதான், நீங்களும் செய்யணும்னு இல்ல. செய்றதா இருந்தா, சமதளமான சிமென்ட் தரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க. ஜாக்கி மட்டும் தாங்குற வண்டிக்குக் கீழ ஒருக்காலும் தலையை விடாதீங்க. ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்ல. தாங்க ஸ்டாண்ட் தனியா வேணும். செங்கல் அடுக்கி வெச்சுப் படுக்கிறவங்களை நான் பாத்திருக்கேன், செங்கல் சொல்லாம கொள்ளாம உடையும். ஸ்டாண்ட் இல்லாததால நான் பக்கத்து ஊர் வாட்டர் சர்வீஸ்ல ரேம்ப் கேட்டு வாங்கித்தான் செஞ்சேன்.

எஞ்சின் வெதுவெதுப்பா இருக்கணும், கொதிக்கக் கூடாது. ஓடி நிறுத்தின உடனே ட்ரெயின் போல்ட்டைத் திறந்தா நூறு டிகிரி ஆயில் முழங்கை வரைக்கும் வழியும். நைட்ரைல் கிளவுஸ் போட்டுக்கிட்டேன். பழைய ஃபில்டரைக் கழட்டும்போது அதோட ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டிக்கிச்சான்னு விரலால தடவிப் பாருங்க. ஒட்டியிருந்து, அது மேல புதுசை மாட்டினா ரெண்டு வளையமாகி, ஓடும்போது மொத்த ஆயிலும் கொட்டிடும். புது ஆயில் மேனுவல்ல போட்ட எண்ணுதான். 'வெயில் ஊரு, கெட்டியா 20டபிள்யூ-40 ஊத்துப்பா'ன்னு மாமா சொன்னார். அதுவும் வண்டி மை காலத்து நினைப்புதான். இப்போதைய எஞ்சின்ல இடைவெளி சின்னது, கெட்டி ஆயில் போய்ச் சேர நேரமாகும். ஊத்தி, ஓட்டி, அணைச்சு, பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக். ரெண்டு கோட்டுக்கு நடுவுல. மேல் கோட்டைத் தாண்டினாலும் தப்பு, கிராங்க் அதைக் கடைஞ்சு நுரையாக்கிடும்.

மூணு லிட்டருக்குக் கொஞ்சம் மேல பழைய ஆயில் சேர்ந்தது. கேனை மூடும்போது மாமா வந்து, "அதை இங்க குடுப்பா, மாட்டுக்கு முதுகுல புண்ணு"ன்னார். இல்லன்னா கதவுக்குப் பூசலாம், கரையான் வராதாம். நான் முடியாதுன்னதும் அவருக்குக் கோபம். "உங்க தாத்தா விளக்கெண்ணெய் போடலையா?" போட்டார் மாமா, ஆனா இது அது இல்லன்னு ரோட்டரி எஞ்சின் வரைக்கும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவர் மாட்டை அவிழ்த்துட்டுப் போயிட்டார். ஆயா மட்டும் ஒரு கிண்ணத்துல விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைச்சு எடுத்துட்டு அவர் பின்னாடியே போச்சு.

இந்தியச் சட்டத்துல பயன்படுத்தின ஆயில் 1989-லேர்ந்தே அபாயக் கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரங்ககிட்டதான் போகணும். 2024 ஏப்ரல்லேர்ந்து, வித்த ஆயிலுக்கு ஈடா ஒரு பங்கைத் திரும்ப மறுசுழற்சி செய்ய வைக்கிற பொறுப்பு தயாரிக்கிறவங்க மேலயும் இருக்கு. கிராமத்துல சாக்கடைதான் பக்கம், அது நிஜம். என் கேன் ரெண்டு வாரம் கார் டிக்கியிலயே கிடந்தது. கடைசியா, பழைய ஆயிலை பேரல்ல சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்புற ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல கேட்டுக் கொடுத்தேன்.

போன மாசம் தொப்பூர்ல நிறுத்தி, அந்த அண்ணனுக்கு ஒரு டப்பா கிளவுஸ் கொடுத்தேன். பஞ்சாலைக் கதையும் சொன்னேன். நீளமாத்தான் சொன்னேன்னு நினைக்கிறேன், நடுவுல ஒரு பஸ் டயரை மாத்திட்டு வந்தார். அப்புறம் டப்பாவைக் காலண்டர் பக்கத்து ஆணியில மாட்டிட்டு, ஒரு ஜோடியை எடுத்து விரலை விட்டுப் பார்த்தார். கட்டைவிரல்லயே கிழிஞ்சது.

"சைஸ் பத்தல தம்பி. அடுத்த தடவை பெருசா வாங்கிட்டு வாங்க."