உப்புப் பூக்கும் சுவர்கள்

மாரி ஓய்ந்து தை வெயில் ஏறியதும் யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் பூச்சு உதிரத் தொடங்கும். நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடிக்கு வெள்ளைத் தூள் படியும். 'சுவர் உப்புப் பூத்திட்டுது' என்பார்கள்.

வலிகாமம் வடக்கில் இது இன்னும் மோசம். 1990இல் மக்கள் வெளியேறிய மயிலிட்டியில் துறைமுகப் பகுதி விடுபட்டது 2017 ஜூலையில். கூரையில்லாமல் 27 மாரி குடித்த சுவர்களைத்தான் பலர் திரும்பக் கண்டார்கள். இந்திய வீட்டுத்திட்டம் புது வீட்டுக்கு ஐந்தரை இலட்சமும் திருத்தத்துக்கு இரண்டரை இலட்சமும் கொடுத்தது. கணக்குப் பார்த்தால் இடிக்கத்தான் மனம் வரும். ஆனாலும் நிற்கிற சுவரை அவசரப்பட்டு இடிக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். உறுதி தொலைந்த குடும்பங்களுக்கு அந்த அத்திவாரமும் கிணறும்தான் எல்லை காட்டுகின்றன.

பழைய சுவர் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில் ஈரத்தடுப்பு இல்லை. நிலத்து ஈரம் மேலேறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்தும் போகும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். உப்பு பூச்சுக்குப் பின்னால் கட்டிபட்டு அதைத் தள்ளும். அம்மம்மா வீட்டில் மாமா ஒரு அறைக்குச் சீமெந்து பூசுவித்தார். இரண்டாம் மாரியோடு அது பலகை பலகையாகக் கழன்றது, கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு.

ஆகவே முதல் வேலை பூச்சு அல்ல, தண்ணீர். ஓடு, பீலி, சுவரோரம் குவிந்த மண். வெளி நிலம் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் வெட்டி இறக்க வேண்டும். ஆனால் கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தாத வளவில் மண்வெட்டியே வைக்காதீர்கள். சந்தேகமான இரும்பு தெரிந்தால் தொடாமல் விலகி அறிவியுங்கள். சுவரில் முளைத்த ஆல், அரசை இழுத்துப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். வெட்டி, வேரைச் சாகவிடுங்கள்.

ஈரம் எங்கிருந்து என்று தெரியாவிட்டால் ஒரு துண்டுப் பொலித்தீனை நான்கு பக்கமும் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள். வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்றில், சன்னலைத் திறந்தாலே பாதி தீரும்.

பழுதான பூச்சை ஈரக்கோட்டுக்கு மேல் ஒரு அடிவரை தட்டி எடுங்கள். உப்பைக் கழுவக் கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் கூட்டி அள்ளுங்கள். பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். மேசன்மாருக்கு இந்தப் பொறுமை இருக்காது. வீட்டுக்காரருக்கு இருக்க வேண்டும்.

நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கடற்கரை மணலென்றால் உப்பைக் காசு கொடுத்து வாங்குவதுதான். மெல்லிய படைகளாகப் பூசி, நனைந்த சாக்கால் சில நாள் மூடுங்கள். சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும், பிள்ளைகள் கவனம். மேலே வெள்ளை அடிக்கலாம். பிளாஸ்ரிக் பெயின்ற் வேண்டாம்.

கொங்கிறீற் வளைக்குள் கம்பி கறல் பிடித்து வெடித்திருந்தால், செல் அதிர்வில் சுவர் ஊடறுத்துப் பிளந்திருந்தால், இதெல்லாம் உதவாது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் பார்க்கும்வரை அந்த அறையில் படுக்காதீர்கள்.