வெள்ளத்தில் சாகாத நெல்

தஞ்சை டெல்டா விவசாயிக்கு இரண்டு பயம் உண்டு. ஜூன் மாதம் மேட்டூரில் தண்ணீர் இருக்குமா என்பது ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வயலில் நிற்கும் தண்ணீர் வடியுமா என்பது இன்னொன்று. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இளம் சம்பாப் பயிர் ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும்.

இந்த இரண்டாவது பயத்துக்கான பதில், நெல்லின் 9-வது குரோமோசோமில் இருந்தது!

மரபணுக்களுக்கு வரைபடம் போடலாம் என்று முதலில் காட்டியவர் ஒரு கல்லூரி மாணவர். பெயர் ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1911-ல் ஓர் இரவு, வீட்டுப்பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பழ ஈக்களின் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். விடிவதற்குள் வரைபடம் தயார். அது 1913-ல் வெளியானது. யோசனை எளிதுதான். ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே வாரிசுக்குப் போகும். தள்ளி இருப்பவை அடிக்கடி பிரியும். எத்தனை முறை பிரிகின்றன என்று எண்ணினால் தூரம் தெரிந்துவிடும்.

இப்போது நெல்லுக்கு வருவோம். நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம்கள். ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம், இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் விளைச்சல் குறைவு. நல்ல ரகங்களோடு கலப்பு செய்து பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. மரபணு எங்கே இருக்கிறது என்றே தெரியாதபோது எதைப் பிரிப்பது?

1996-ல் கெனோங் சூ, டேவிட் மெக்கில் இருவரும் அந்த இடத்தை 9-வது குரோமோசோமில் குறித்தார்கள். அதற்கு சப்1 என்று பெயர். 2006-ல் 'நேச்சர்' இதழில், வேலை செய்வது அங்குள்ள சப்1ஏ மரபணு என்பது வெளியானது. சாதாரண நெல் மூழ்கியதும் தண்ணீருக்கு மேலே வர வேகமாக நீளும். சேமிப்பு முழுவதையும் செலவழித்து ஓய்ந்துபோகும். சப்1ஏ உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திவிட்டுப் பொறுமையாக இருக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். கையில் இருப்பதைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு கஷ்ட காலத்தைக் கடப்பது போலத்தான் இது.

முகவரி தெரிந்ததும் வேலை சுலபமாயிற்று. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், ஒவ்வொரு தலைமுறை நாற்றிலும் டி.என்.ஏ.வைச் சோதித்து, அந்தத் துண்டு உள்ளதை மட்டும் மறுபடி மறுபடி பழைய ரகத்தோடு கலந்தது. ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் 2009-ல் வெளியானது. டெல்டாவில் பொன்மணி என்று பெயர்பெற்ற சி.ஆர்.1009 ரகத்துக்கும் இதே முறையில் சப்1 சேர்க்கப்பட்டு, தமிழக விவசாயிகளுக்கு வந்தது. இது வழக்கமான கலப்புதான், மரபணு மாற்றுப் பயிர் அல்ல.

கதிர் முற்றிய பிறகு வரும் வெள்ளத்துக்கு இது உதவாது. வாரக்கணக்கில் தேங்கும் தண்ணீருக்கும் உதவாது. வடிகால்களைத் தூர்வாரத்தான் வேண்டும். இன்னொன்றும் யோசிக்க வேண்டியது. விளைச்சல் குறைவு என்று ஒடிசா விவசாயிகள் அந்த நாட்டு நெல்லை முன்பே கைவிட்டிருந்தால், வரைபடத்தில் குறிக்க அந்த மரபணுவே கிடைத்திருக்காது.