வழக்கில் தோற்ற வழக்கறிஞர்

அமெரிக்க விடுதலை என்றதும் வாஷிங்டனும் ஜெபர்சனும் நினைவுக்கு வருவர். அவர்களுக்கு முன்பே நீதிமன்றத்தில் எழுந்து ஆங்கில ஆட்சியின் சுங்கக் கொடுமையைக் கண்டித்த ஜேம்ஸ் ஓட்டிஸை அறிந்தோர் சிலரே.

மசாசூசெட்ஸ் குடியேற்ற நாட்டில் 1725இல் பிறந்த ஓட்டிஸ், ஹார்வர்டில் பயின்று வழக்கறிஞராகி, கடல் வழக்கு மன்றத்தில் அரசு வழக்கறிஞராக அமர்ந்தார். அந்நாளில் தீர்வை செலுத்தாத சரக்கைத் தேடுவதாகக் கூறிச் சுங்க அதிகாரிகள் எவர் வீட்டிலும் புகலாம். இன்ன வீடு, இன்ன பொருள் என்று குறிப்பிடாத பொது ஆணை ஒன்றே அதற்குப் போதும். 1760இல் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் மறையவே, அவ்வாணைகளைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. பாஸ்டன் வணிகர் எதிர்த்தனர். ஆணைகளுக்காக வாதாட வேண்டிய ஓட்டிஸ், பதவியைத் துறந்து, கட்டணம் பெறாது வணிகர் பக்கம் நின்றார்.

1761 பிப்ரவரியில் அவர் மணிக்கணக்கில் வாதிட்டார். குற்றமற்றவன் தன் இல்லத்தில் அச்சமின்றி வாழும் உரிமை உடையவன். அதைப் பறிக்கும் சட்டத்தை நாடாளுமன்றமே இயற்றினும் செல்லாது என்பதே அவ்வாதத்தின் சாரம். அங்கிருந்து கேட்ட இளைஞர் ஜான் ஆடம்ஸ் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரானார். விடுதலை பிறந்தது அம்மன்றத்தில்தான் என்று அவர் 1817இல் எழுதினார். வழக்கோ தோற்றது; ஆணைகள் நிலைபெற்றன.

ஓட்டிஸ் ஓயவில்லை. சர்க்கரைத் தீர்வைச் சட்டம் வந்த 1764இல் நூலொன்று வெளியிட்டார். தம் பிரதிநிதிகள் இல்லாத நாடாளுமன்றம் தம்மீது வரி விதித்தல் முறையன்று என்றார். அத்துடன் நின்றாரல்லர். வெள்ளையராயினும் கறுப்பராயினும் மாந்தர் இயற்கையில் உரிமையுடையோரே என்றும் அதில் வரைந்தார். தம் உரிமைக்காக முழங்கிக்கொண்டே பிறரை அடிமைகளாக வைத்திருந்தோர் நிறைந்த காலம் அது! ஆயினும் ஆங்கில அரசிலிருந்து பிரிந்துபோக அவர் அன்று விரும்பவில்லை. ஆங்கிலக் குடிமகனுக்குரிய நீதியையே வேண்டினார்.

1769இல் சுங்க ஆணையர் ஒருவருடன் நேர்ந்த கைகலப்பில் அவர் தலையில் கொடுங்காயம் பட்டது. முன்பே தளரத் தொடங்கியிருந்த அவரது மனம் பின்னர்ப் பெரிதும் நிலைகுலைந்தது. நாடே போர்க்கோலம் பூண்டபோது, அதனை எழுப்பிய நாவலர் ஒதுங்கி வாழ நேர்ந்தது. 1783 மே 23ஆம் நாள் இடி தாக்கி இறந்தார். விடுதலையை உறுதி செய்த பாரிஸ் உடன்படிக்கை அவ்வாண்டு செப்டம்பரில்தான் கையெழுத்தாயிற்று.

காரணமும் இடமும் குறிக்காத சோதனை ஆணை கூடாதென்ற விதி 1791இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஏறியது. கறுப்பரின் அடிமைத்தளையை அச்சட்டம் நீக்கியதோ 1865இல். ஓட்டிஸ் ஒரே நூலில் எழுதிய இரண்டு உண்மைகளில், தமக்குப் பயன்பட்டதை அவர் நாட்டார் விரைந்து கற்றனர். பிறர்க்குரியதைக் கற்க ஒரு நூற்றாண்டு பிடித்தது.